திரைக்கு முன்னால் இருபது நிமிடம்: விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை வேலை

இந்த வேலைக்குப் போக விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எந்தப் பரீட்சை எழுதணும்?” என்பதுதான். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. விமான நிலையத்தில் சோதனை செய்பவர்கள் எல்லோரும் ஒரே துறையின் ஆட்கள் இல்லை. உங்கள் உடலையும் கைப்பையையும் சோதிப்பவர்கள் நாட்டின் பெரிய விமான நிலையங்களில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர், அதாவது சி.ஐ.எஸ்.எஃப். விமானத்தின் வயிற்றுக்குள் போகும் பெட்டிகளை எக்ஸ்-ரே திரையில் பார்ப்பவர்கள் விமான நிறுவனத்தின் ஊழியர்களாகவோ நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் ஊழியர்களாகவோ இருப்பார்கள். சரக்குப் பிரிவில் வேறு ஆட்கள். இவர்கள் அனைவரும் எதை, எப்படி, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று விதி வகுப்பது பி.சி.ஏ.எஸ். என்கிற சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம்.

இந்த ஏற்பாடு சும்மா வந்ததல்ல. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் வானிலேயே வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். குண்டு இருந்த பெட்டியின் சொந்தக்காரன் விமானத்தில் ஏறவே இல்லை. வான்கூவரில் ஏற்றிய அந்தப் பெட்டி டொரண்டோவில் விமானம் மாற்றப்பட்டது. அன்றைக்கு டொரண்டோவில் பெட்டிகளைப் பார்க்கும் எக்ஸ்-ரே இயந்திரம் நடுவிலேயே பழுதாகிவிட்டது. மிச்சப் பெட்டிகளைக் கையடக்க மோப்பக் கருவியால் பார்த்தார்கள். ஒரு பை அருகே அது மெல்ல ஒலித்தது. அந்த ஒலிக்கு என்ன பொருள், கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற சரியான பயிற்சி அங்கிருந்தவர்களுக்கு இல்லை. பை போக விடப்பட்டது. பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து, ‘இதெல்லாம் எதற்கு இவ்வளவு விரிவாக?’ என்று உங்களுக்குத் தோன்றும் நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 1987 ஏப்ரலில் பி.சி.ஏ.எஸ். தனித் துறை ஆனதற்கு இந்த நிகழ்வே காரணம். ஏறாத பயணியின் பெட்டி போகக்கூடாது என்று கடைசி நிமிடத்தில் பெட்டியைத் தேடி இறக்குகிறார்களே, அந்த விதியின் பின்னாலும் இந்தப் பாடம்தான் இருக்கிறது.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்காகக் கொண்டுவந்த பெட்டிகளில் இருந்த குண்டு நிலையக் கட்டடத்துக்குள்ளேயே வெடித்துச் சுமார் 30 பேர் இறந்தார்கள். பிறகு 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டது. அதையடுத்து, அதுவரை மாநிலப் போலீசார் கையில் இருந்த விமான நிலையப் பாதுகாப்பு சி.ஐ.எஸ்.எஃப்.-க்கு மாறத் தொடங்கியது. முதலில் 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூர், பிறகு ஒவ்வொன்றாக மற்றவை.

எப்படி உள்ளே போவது

சி.ஐ.எஸ்.எஃப். வழி என்றால், பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷனின் ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வை எழுதலாம். பட்டதாரிகளுக்கு சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு உண்டு. கான்ஸ்டபிளுக்கு ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. ஆனால் படையில் சேருவது வேறு, விமான நிலையத்தில் வேலை கிடைப்பது வேறு. எஃகு ஆலை, அணுமின் நிலையம், டெல்லி மெட்ரோ என்று எங்கே வேண்டுமானாலும் அனுப்புவார்கள். ஊர் பார்த்துச் சேர நினைப்பவர்களுக்கு இந்த வழி ஏமாற்றமாகத்தான் முடியும்.

இரண்டாவது வழி, ஏ.ஏ.ஐ.சி.எல்.ஏ.எஸ். இது இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் துணை நிறுவனம். ‘செக்யூரிட்டி ஸ்கிரீனர்’ என்ற பெயரிலேயே ஆள் எடுக்கிறது. 2024 இறுதியில் வந்த அறிவிப்பின்படி ஏதாவதொரு பட்டப்படிப்பில் 60 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 55), வயது 27-க்குள். மூன்றாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், அடுத்த ஆண்டு 32,000, மூன்றாவது ஆண்டு 34,000. இது நிரந்தர அரசு வேலை இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். ‘பையனுக்கு ஏர்போர்ட்டில் கவர்மெண்ட் வேலை’ என்று ஊரெல்லாம் பரவிய பிறகு விளக்குவது கஷ்டம்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு கண் மருத்துவரிடம் போய் இஷிஹாரா சோதனை செய்துகொள்ளுங்கள். புள்ளிப் புள்ளியான வட்டத்துக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அதுதான். சிவப்பு-பச்சை நிறக்குறை இருப்பது பலருக்குத் தங்களுக்கே தெரியாது. அன்றாட வாழ்க்கையில் அதனால் பெரிய இடைஞ்சலும் இல்லை. இந்த வேலையில் மட்டும் அது கதவை மூடிவிடும். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

தேர்வானதும் போலீஸ் சரிபார்ப்பு, நிலையத்துக்குள் நுழையும் பாஸ், விமானப் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சி, அதன்மேல் ஸ்கிரீனர் சான்றிதழ் தேர்வு. எழுத்துத் தேர்வில் தேறிவிடுவீர்கள். எக்ஸ்-ரே படங்களைக் காட்டி ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் பகுதியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் தனியாகத் திரை முன் உட்கார முடியாது. அதுவும் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் வராது, கெடு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும்.

திரை

எக்ஸ்-ரே இயந்திரம் பொருளின் உண்மையான நிறத்தைக் காட்டாது. கதிர் எவ்வளவு ஊடுருவுகிறது, எந்த வகைப் பொருள் அதை எப்படி உறிஞ்சுகிறது என்பதைக் கணக்கிட்டு நிறம் கொடுக்கிறது. உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருட்கள் ஆரஞ்சு. இரும்பு, செம்பு போன்ற கனமான உலோகங்கள் நீலம். இடைப்பட்டவையும் கலவையானவையும் பச்சை. கதிர் நுழையவே முடியாத அளவுக்கு அடர்ந்தது கறுப்பு. வெடிமருந்துகள் பெரும்பாலும் கரிமப் பொருட்கள், ஆகவே அவையும் ஆரஞ்சில்தான் வரும். ஒரு கிலோ திருநெல்வேலி அல்வாவும் அடர்த்தியான ஆரஞ்சுக் கட்டியாகத்தான் தெரியும். நிறம் பதில் சொல்லாது, எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டும். அதன் பிறகு வடிவம், ஓரங்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது, கம்பி ஏதாவது போகிறதா, பேட்டரி இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

தமிழ்நாட்டு விமான நிலையப் பைகள் தனி ரகம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகும் பெட்டிகளில் முறுக்கு டப்பா, பருப்புப் பொடி, அரைத்த மசாலா, இட்லித் தட்டு, பித்தளைக் குத்துவிளக்கு, சாமி சிலை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். குத்துவிளக்கின் அடிப்பாகம் திரையில் கறுப்பாக விழும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. அந்த இடத்தில் ‘விளக்குதான்’ என்று முடிவு கட்டி அனுப்பிவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. விளக்காகத்தான் இருக்கும். ஆனாலும் திருப்பி வைத்து மறுபடி பார்க்க வேண்டும், அப்போதும் தெளியவில்லை என்றால் பயணியின் முன்னிலையில் திறக்க வேண்டும். மறைக்கப்பட்ட இடத்தை ஊகத்தால் நிரப்பக்கூடாது என்பதே இந்த வேலையின் முதல் ஒழுக்கம்.

இந்த வேலையின் உண்மையான கஷ்டம் தேடுவது கிடைக்காமலே இருப்பதுதான். ஆயிரக்கணக்கான பைகள் போகும், ஒன்றிலும் வெடிகுண்டு இருக்காது. பல ஸ்கிரீனர்கள் தங்கள் பணிக்காலம் முழுவதும் ஒரு குண்டைக்கூடப் பார்க்காமலே ஓய்வு பெறுவார்கள். மனித மூளை இதற்குப் பழகியதில்லை. 2005-இல் ஜெரமி உல்ஃபும் அவருடைய சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பை போன்ற படங்களில் ஒரு பொருளைத் தேடச் சொன்னார்கள். இரண்டு படத்துக்கு ஒன்றில் அந்தப் பொருள் இருந்தபோது பார்ப்பவர்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூறு படத்துக்கு ஒன்றில் மட்டும் வைத்தபோது தவறவிட்டது 30 சதவீதம். கண் அதே கண், படமும் அதே வகைப் படம். ‘இருக்காது’ என்ற எதிர்பார்ப்பு மட்டும்தான் மாறியது. சோம்பலாலோ அலட்சியத்தாலோ வருவதல்ல இது, அக்கறையுள்ளவர்களுக்கும் நேரும். ஆகவே ‘நான் கவனமான ஆள், எனக்கு இது நடக்காது’ என்று நினைக்காதீர்கள்.

இதற்கு இரண்டு மருந்துகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று, உலகம் முழுவதும் புழக்கத்தில் உள்ள சுமார் இருபது நிமிட வரம்பு. அதற்குமேல் ஒருவர் தொடர்ந்து திரையைப் பார்க்கக்கூடாது. பிறகு பை திறக்கும் இடத்துக்கோ வரிசையை ஒழுங்குபடுத்தும் இடத்துக்கோ மாற வேண்டும். கூட்டம் நெருக்கும்போது சக ஊழியர் ‘இன்னும் பத்து நிமிஷம் பாத்துக்கோ’ என்பார். நட்புக்காக ஒத்துக்கொள்ளாதீர்கள், சூப்பர்வைசரிடம் ஆள் மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று ‘டிப்’. இயந்திரமே அவ்வப்போது உண்மையான பையின் படத்துக்குள் துப்பாக்கி, கத்தி, வெடிகுண்டு ஆகியவற்றின் போலிப் படத்தைச் செருகும். கண்டுபிடித்து பட்டனை அழுத்தினால் இது போலிப் படம் என்று திரையே சொல்லிவிடும். தவறவிட்டால் அது பதிவாகும். புதியவர்கள் இதைக் கண்காணிப்பு என்று நினைத்து வெறுக்கிறார்கள். என் கருத்தில் ஸ்கிரீனருக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய உதவி இதுதான். ‘இருக்கலாம்’ என்ற எதிர்பார்ப்பை உயிரோடு வைத்திருப்பது டிப்தான். மாதாந்தர அறிக்கையில் எந்த வகைப் பொருளைத் தவறவிட்டீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அதே வகைதான் திரும்பத் திரும்ப நழுவும்.

இயந்திரம் போதாதென்று மனிதர்களும் சோதிப்பார்கள். பயணி வேடத்தில் ஒருவர் போலிக் குண்டோடு வருவார். கோட்டைவிட்டால் விளக்கக் கடிதம், மறுபயிற்சி, சில நேரம் நடவடிக்கை. அமெரிக்காவில் 2015-இல் இப்படி நடத்திய ரகசியச் சோதனைகளில் 70-க்கு 67 முறை சோதனையாளர்கள் தவறவிட்டதாகச் செய்தி வெளியாகி, அங்கே இந்தச் சோதனையை நடத்தும் அரசு அமைப்பின் தற்காலிகத் தலைவரே பதவியிலிருந்து மாற்றப்பட்டார்.

உடல்

இந்தியாவில் சோதனை வாசலைக் கடக்கும் எல்லாப் பயணிகளையும் கையடக்கக் கருவியால் சோதிப்பது வழக்கம், வாசல் ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும். ஒரு ஷிப்டில் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான மனிதர்களின் உடலை நெருங்கி நிற்பீர்கள். இதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். பெண்களைப் பெண்களே, திரைச்சீலை போட்ட தடுப்புக்குள் வைத்துச் சோதிப்பார்கள். அதனால் பெண் ஊழியர்கள் குறைவாக இருக்கும் ஷிப்டில் பெண்கள் வரிசை நீண்டுகொண்டே போகும், வேலையும் அவர்களுக்குத்தான் அதிகம்.

கருவி ஒலிக்கக் காரணங்கள் பெரும்பாலும் எளியவை: தாலி, மெட்டி, அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளித் தாயத்து, முழங்காலில் வைத்த உலோக மூட்டு. தாலியைக் கழற்றச் சொல்லாதீர்கள், கையால் பார்த்து உறுதிசெய்தால் போதும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அட்டையைக் காட்டினால் கருவியை நெஞ்சருகே கொண்டுபோகாமல் கையால் தடவிப் பாருங்கள். தலைப்பாகையோ தலைத்துணியோ அணிந்தவர்களிடம் முதலில் சொல்லிவிட்டுத் தொடுங்கள். செயற்கைக் கால் வைத்திருப்பவரை எல்லோர் முன்பும் கழற்ற வைப்பது கொடுமை. தனி அறை கேட்டு அழைத்துப் போங்கள், நேரம் ஆனாலும் பரவாயில்லை.

தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்வது ஒரு நொடி வேலை. “ஐயா, கையைக் கொஞ்சம் விரிச்சு நில்லுங்க, பின்பக்கம் பார்க்கணும்.” இவ்வளவு போதும். முதல் முறை விமானம் ஏறும் பாட்டிக்கு, மகளைப் பார்க்க மஸ்கட் போகிறவருக்கு, அந்த வாக்கியம் தமிழில் வருவது பெரிய ஆறுதல். மொழி இங்கே சின்ன விஷயம் இல்லை. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்னதற்கு, ‘நீங்கள் இந்தியரா’ என்று ஒரு பாதுகாப்புப் பணியாளர் கேட்டதாக நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி வெளிப்படுத்தினார். சி.ஐ.எஸ்.எஃப். விசாரணைக்கு உத்தரவிட்டது. தமிழ் தெரிந்த ஸ்கிரீனர்கள் நம் நிலையங்களில் எவ்வளவு தேவை என்பதற்கு வேறு வாதம் வேண்டாம். அதேபோல் நீங்கள் சூரத்திலோ லேயிலோ வேலை பார்க்க நேர்ந்தால், அந்த ஊர் மொழியில் பத்து வாக்கியமாவது கற்றுக்கொள்வது உங்கள் கடமை.

தகராறு வரும் பொருட்கள்

தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதோடு, ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் தெரிந்து வைத்திருங்கள். காரணம் சொன்னால் பாதிச் சண்டை அடங்கிவிடும். பவர் பேங்க் ஏன் பெட்டிக்குள் கூடாது, கைப்பையில் மட்டும் ஏன் வர வேண்டும்? லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் இருக்கும் இடத்தில் உடனே பார்த்து அணைக்கலாம், சரக்கு அறையில் முடியாது. 100 வாட்-அவர் வரை பொதுவாகத் தடையில்லை. சந்தையில் கிடைக்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர்தான். இந்தக் கணக்கு உங்கள் நுனிநாக்கில் இருக்க வேண்டும்.

பன்னாட்டு விமானங்களில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி, 2006-இல் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் சதி அம்பலமானதன் விளைவு. தாய்ப்பால், குழந்தை உணவு, மருந்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதை மறந்து ஒரு தாயிடம் பால் பாட்டிலைப் பிடுங்கி வைக்கும் ஸ்கிரீனர் விதியையும் படிக்கவில்லை, மனிதரையும் பார்க்கவில்லை.

தேங்காய் நம் ஊர்ப் பிரச்சினை. கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் ஆபத்தான சரக்கு வகையில் வருகிறது. சாதாரண நாட்களில் கைப்பையில் தேங்காய்க்கு அனுமதி இல்லை. ஆனால் சபரிமலை பக்தர்களின் இருமுடிக்காக 2022-லும் 2024-லும் மண்டல, மகரவிளக்குக் காலத்துக்கு மட்டும் பி.சி.ஏ.எஸ். தளர்வு கொடுத்தது. எக்ஸ்-ரே, வெடிமருந்துத் தடயச் சோதனை, கையால் சோதனை மூன்றும் முடிந்த பிறகு இருமுடியைக் கையோடு கொண்டுபோகலாம் என்பது நிபந்தனை. இப்படிச் சுற்றறிக்கைகள் வரும், காலாவதியாகும். ஷிப்ட் தொடங்கும்போது நடக்கும் பிரீஃபிங்கை அரைத்தூக்கத்தில் கேட்டால், இருமுடியைத் தலையில் சுமந்து வரும் சாமியிடம் பழைய விதியைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். பூஜைப் பையில் தீப்பெட்டி இருந்தால் மட்டும் விலக்கு இல்லை, எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.

தங்கம் பற்றி ஒரு வார்த்தை. சென்னையும் திருச்சியும் தங்கக் கடத்தல் செய்திகளில் அடிக்கடி வருவதால், புதியவர்கள் அதைப் பிடிப்பதுதான் தங்கள் வேலை என்று எண்ணுகிறார்கள். அது சுங்கத் துறையின் வேலை. உங்கள் கண் விமானத்துக்கு ஆபத்தானதைத் தேட வேண்டும். சந்தேகமான ஒன்று கண்ணில் பட்டால் மேலதிகாரியிடம் சொல்வதோடு உங்கள் பங்கு முடிகிறது. ஆனால் கடத்தல்காரர்கள் உங்களைத் தேடி வருவார்கள். பாஸ் வைத்திருக்கும் ஊழியர்கள் அவர்களுக்குத் தேவை. முதலில் டீ வாங்கித் தருவார்கள், பிறகு ‘இந்தக் கவரை மட்டும் வெளியே கொடுத்துடு தம்பி’ என்பார்கள். டீ வாங்கித் தரும் கட்டத்திலேயே மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

நாளும் இரவும்

ஷிப்ட் முறை உடலைத் தின்னும். பன்னாட்டு விமானங்கள் நள்ளிரவிலும் விடியலிலும் குவியும். உள்நாட்டுக் கூட்டம் காலை ஐந்து மணிக்கே நிரம்பும். பொங்கல், தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போகும்போது நீங்கள் அவர்களின் பைகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கால் வீக்கம், முதுகு வலி, தூக்கக் குறைவு ஆகிய மூன்றும் முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலானவர்களுக்கு வரும். நல்ல ஷூவுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து வெயில் அடிக்கும் அறையில் தூங்க முடியாது, கெட்டியான திரைத்துணி வாங்கி மாட்டுங்கள். திரை முன் உட்காரும் ஷிப்டுக்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்.

கதிர்வீச்சு பயம் பல பெற்றோருக்கு உண்டு, குறிப்பாக மகள்களை அனுப்பும்போது. பெட்டி போகும் எக்ஸ்-ரே இயந்திரம் ஈயக் கவசத்துக்குள் இயங்குகிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாடுகள் அதற்கு உண்டு. ஆட்கள் கடக்கும், உலோகத்தைக் கண்டறியும் வாசலில் எக்ஸ்-ரே கிடையாது, மின்காந்தப் புலம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: இயந்திரம் ஓடும்போது, சிக்கிய பையை எடுக்க ஈயத் திரைக்குள் கையை விடாதீர்கள். நிறுத்திவிட்டு எடுங்கள்.

ட்ரேயில் மறந்துவிட்டுப்போன கைக்கடிகாரம், பெல்ட், லேப்டாப், சில நேரம் பணக்கட்டு தினமும் கிடைக்கும். எதையும் சட்டைப் பையில் வைக்காதீர்கள், ‘பிறகு பதிவு செய்யலாம்’ என்றுகூட வைக்காதீர்கள். மேலே கேமரா இருக்கிறது, அது உங்கள் மனதில் இருப்பதைப் பதிவு செய்யாது. கிடைத்த உடனே சக ஊழியர் முன்னிலையில் நேரத்தோடு எழுதி ஒப்படையுங்கள்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு என்ன என்ற கேள்வியைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கிரீனர் சான்றிதழும் அனுபவமும் விமான நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவிலும் சரக்கு முனையங்களிலும் மதிப்புள்ளவை. வேலையில் இருக்கும்போதே சூப்பர்வைசர், பயிற்றுநர் படிப்புகளுக்கு வாய்ப்பு வந்தால் விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ‘ஏர்போர்ட் வேலை, நேரடி நியமனம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் தகவல்களில் பணம் இழந்த குடும்பங்கள் ஏராளம். ‘யூனிஃபார்ம் டெபாசிட்’, ‘பாஸ் கட்டணம்’, ‘பயிற்சி முன்பணம்’ என்று யாராவது தனிப்பட்ட கணக்குக்குப் பணம் கேட்டால் அது மோசடிதான். விண்ணப்பக் கட்டணம் இருந்தால் நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் கட்டுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்காமல், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கை முடக்கிப் பணத்தை மீட்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.